உடல் சுமக்கும் ஊரின் கணக்கு

நுழையும்முன்

காற்றிலும் நீரிலும் மண்ணிலும் கலக்கும் மாசினைக் கருவிகள் அளந்து காட்டுகின்றன. அம்மாசின் ஒரு பகுதி மனித உடலுக்குள்ளும் சென்று தங்குகிறது. குருதியையும் தாய்ப்பாலையும் ஆய்ந்தால்தான் அந்த எச்சம் வெளிப்படும். தாம்பரம் முதல் பெருங்குடி வரையிலான தென்சென்னைப் புறநகரிலும் சென்னை மாநகரிலும் கண்டறியப்பட்ட உண்மைகளைக் கொண்டு, உடலில் சேரும் நச்சு வேதிப்பொருள்களையும் அவற்றைக் கட்டுப்படுத்த அரசு வகுத்த கொள்கைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

கழிவெளியும் கழிவும்

தாம்பரத்தை அடுத்த ஏரிகளில் மழைக்காலத்தில் நிரம்பும் நீர் அங்கேயே தேங்கி நிற்பதில்லை. ஓர் ஏரி நிறைந்ததும் அதன் உபரிநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஊர் ஊராகக் கடந்து, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு இந்நிலமே வடிகால். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் சேரும் நீர், கோவளத்தருகே கடலில் கலக்கிறது.

இந்த ஈரநிலத்தை மக்கள் 'கழிவெளி' என்று அழைத்தனர். 'கழி' என்பது கடலையொட்டித் தேங்கும் நீர்ப்பரப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பறவைகளுக்கும் மீன்களுக்கும் வாழிடமாக விளங்கிய அந்நிலத்தின் ஒரு பகுதி, நகரம் வளர வளரக் கழிவு கொட்டும் வெளியாக மாறியது. சதுப்பு நிலத்தின் வடபுறத்தில் அமைந்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையின் குப்பை அங்கே தரம் பிரிக்கப்படாமல் குவிக்கப்பட்டது. உணவுக் கழிவு, நெகிழிப் பை, பழைய மின்கலம், மின்கம்பி, மருந்துப் புட்டி ஆகிய அனைத்தும் ஒரே மேட்டில் கலந்தன.

தீயில் பிறக்கும் நஞ்சு

குப்பை மேட்டின் ஆழத்தில் காற்றின்றி மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேன் வாயு வெளிப்படுகிறது. இவ்வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. பழைய கம்பியின் உறையை எரித்துச் செம்பைப் பிரித்தெடுப்போர் மூட்டும் தீயும் இதனோடு சேர்வதுண்டு. ஒருமுறை பற்றிய தீ, மேற்பரப்பில் அணைந்தது போலத் தோன்றினாலும் உள்ளே கனன்றுகொண்டேயிருக்கும். 2022 ஏப்ரல் மாத இறுதியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீயை முழுமையாக அணைக்கப் பல நாள்கள் தேவைப்பட்டன. அந்நாள்களில் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் புகைமூட்டம் சூழ்ந்தது.

குப்பைப் புகையில் கண்ணை எரிக்கும் துகள்கள் மட்டும் இருப்பதில்லை. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த நெகிழிகள் குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும்போது, கார்பனும் குளோரினும் இணைந்து 'டையாக்சின்' என்னும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன. இவற்றை எவரும் ஒரு பயன் கருதித் தயாரிப்பதில்லை. எரிதலின் துணைவிளைவாகவே இவை தோன்றுகின்றன. 850 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், முறையாக அமைக்கப்பட்ட உலைகளில் இவை சிதைந்துவிடும். திறந்தவெளியில் கனலும் குப்பைக்கு அத்தகைய வெப்பம் கிட்டுவதில்லை. ஆகவே, தெருமுனையில் எரியும் சிறு குவியலும் இந்நஞ்சைப் பிறப்பிக்க வல்லது.

டையாக்சின் குடும்பத்தில் மிகக் கொடியதான டி.சி.டி.டி. என்னும் சேர்மத்தை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருளெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் வகைப்படுத்தியது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல், இயக்குநீர்ச் சுரப்பு, கருவின் வளர்ச்சி ஆகியவற்றையும் டையாக்சின்கள் பாதிக்கின்றன. 1976 சூலை 10ஆம் நாள் இத்தாலியின் செவெசோ நகருக்கருகே ஒரு வேதித் தொழிற்சாலையில் ஏற்பட்ட விபத்து, இந்நஞ்சின் பெயரை உலகெங்கும் அறியச் செய்தது.

தெரிந்து தெளிவோம்

டையாக்சின்களைப் 'பிக்கோகிராம்' என்னும் அலகில் அளப்பர். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்குகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு பங்கே ஒரு பிக்கோகிராம். இத்துணைச் சிறிய அளவைக் கண்டறியச் சிறப்பு ஆய்வகங்களும் விலையுயர்ந்த கருவிகளும் தேவை. குருதியில் உள்ள ஈயத்தை 'மைக்ரோகிராம்' என்னும் அலகில் அளப்பர். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

புகையிலிருந்து பாலுக்கு

டையாக்சினை மனிதர் பெரும்பாலும் மூச்சின் வழியாகவே பெறுகின்றனர் என்று கருதுவது இயல்பு. உண்மை வேறு. உடலில் சேரும் டையாக்சினில் 90 விழுக்காட்டிற்கும் மேல் உணவின் வழியாகவே வருகிறது என உலக நலவாழ்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. இறைச்சி, பால், மீன் ஆகிய கொழுப்புள்ள உணவுகளே அதன் முதன்மை வாயில்கள்.

இதற்குக் காரணம் இவ்வேதிப்பொருளின் தன்மையே. டையாக்சின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. புகையோடு எழுந்து புல்லிலும் மண்ணிலும் படியும் டையாக்சினைக் கால்நடைகள் மேய்ச்சலின்போது உட்கொள்கின்றன. நீரில் கரையும் பொருளாயின் சிறுநீரோடு வெளியேறிவிடும். டையாக்சினோ அவற்றின் கொழுப்பில் தங்கிப் பாலில் கலக்கிறது. அப்பாலை அருந்துவோரின் உடற்கொழுப்பில் மீண்டும் சேர்கிறது. இவ்வாறு உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நஞ்சின் செறிவு கூடுவதை 'உயிரியல் பெருக்கம்' என்பர்.

மனித உடலில் சேர்ந்த டையாக்சினில் பாதி குறைவதற்கு 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என மதிப்பிடப்படுகிறது. பதினாறு வயதில் உடலில் தங்கிய நஞ்சின் ஏறத்தாழப் பாதி, இருபத்தைந்து வயதிலும் எஞ்சியிருக்கும். புகை ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. அதன் சுவடோ ஒரு தலைமுறைக்காலம் உடலில் நீடிக்கிறது.

பெருங்குடியில் ஓர் ஆய்வு

ஆசிய நாடுகளின் திறந்தவெளிக் குப்பைக் கிடங்குகளைச் சுற்றி வாழும் தாய்மார்களின் பாலை ஆய்ந்த சப்பானிய அறிவியலாளர்களின் ஆய்வுக் கட்டுரை 2004இல் வெளிவந்தது. எகிமே பல்கலைக்கழக அறிஞர்கள் முன்னின்று நடத்திய அவ்வாய்வில் இந்தியா, கம்போடியா, வியத்நாம், பிலிப்பைன்சு ஆகிய நாடுகள் இடம்பெற்றன. இந்தியாவின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பெருங்குடி.

ஆய்வின் முடிவு கவலைக்குரியதாக இருந்தது. பெருங்குடிக் கிடங்கின் அருகே வாழ்ந்த தாய்மார்களின் பாலில், கிடங்கிலிருந்து விலகிய இடத்தில் வாழ்ந்த தாய்மார்களின் பாலைவிட டையாக்சினும் அதனை ஒத்த சேர்மங்களும் குறிப்பிடத்தக்க அளவு மிகுதியாக இருந்தன. ஆய்வில் இடம்பெற்ற பிற ஆசிய நாடுகளின் அளவுகளைவிடவும் அவை கூடுதலாக இருந்தன. அதற்கான காரணத்தைத் தேடிய ஆய்வாளர்களின் கவனம் மாட்டுப்பாலின்மீது சென்றது. குப்பை மேட்டில் மேயும் மாடுகளின் பால், நஞ்சு மனிதரை வந்தடையும் பாதையாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர்.

இம்முடிவைப் பிழையாகப் புரிந்துகொள்ளுதல் கூடாது. தாய்ப்பாலை ஆய்ந்தது, அது குழந்தைக்குத் தீங்கானது என்று காட்டுவதற்கன்று. கொழுப்பில் தங்கும் நஞ்சுகள் ஒரு மக்கள் கூட்டத்தில் எவ்வளவு உள்ளன என்பதை, ஊசியின்றியும் அறுவையின்றியும் அறியத் தாய்ப்பால் உதவுகிறது என்பதே காரணம். குழந்தைக்கு முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே ஊட்டவேண்டும் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பால் தரும் நோயெதிர்ப்பு ஆற்றலும் ஊட்டமும் ஈடு இணையற்றவை. மாற்றவேண்டியது தாய் ஊட்டும் பாலையன்று. தாயைச் சூழ்ந்துள்ள புகையையே.

இதில் ஓர் அறக்கேள்வியும் அடங்கியுள்ளது. கிடங்கின் அருகே குடிசையமைத்து வாழ்ந்தோரும் மாடு வளர்த்துப் பிழைத்தோரும் அக்குப்பையை உண்டாக்கியவர்கள் அல்லர். அது மாநகரின் இலட்சக்கணக்கான வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்த குப்பை. எறிந்தவர் ஓரிடத்திலும் அதன் நஞ்சைச் சுமப்பவர் வேறோரிடத்திலும் இருக்கும் இந்நிலையைச் சரிசெய்வது, தனி மனிதரின் எச்சரிக்கையால் மட்டும் இயலாது. அரசின் கொள்கை இங்கேதான் தேவைப்படுகிறது.

தோலின் பெயர் தாங்கிய ஊர்

தாம்பரத்திற்கும் பல்லாவரத்திற்கும் இடையே அமைந்த குரோம்பேட்டை, தன் பெயரிலேயே ஒரு வேதிப்பொருளைத் தாங்கி நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறை சென்னை மாகாணத்தில் பரவியது. அம்முறையைப் பின்பற்றி இங்கு இயங்கிய 'குரோம் லெதர் கம்பெனி' என்னும் தொழிற்சாலையின் பெயரே ஊரின் பெயராயிற்று. அதனைச் சூழ்ந்த பல்லாவரம், நாகல்கேணி பகுதிகளிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின.

ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு தோல் பதனிடப் பல வாரங்கள் ஆகும். குரோமிய உப்பு அக்காலத்தை மிகவும் குறைத்தது. ஆனால், தொட்டியில் இடப்படும் குரோமியம் முழுவதையும் தோல் ஈர்த்துக்கொள்வதில்லை. எஞ்சியது கழிவுநீரோடு வெளியேறுகிறது. மூவிணைதிறன் கொண்ட குரோமியத்தின் நச்சுத்தன்மை குறைவு. ஆறிணைதிறன் கொண்ட குரோமியமோ தோலழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும். மூச்சின்வழி நெடுங்காலம் உட்சென்றால் நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும்.

தமிழ்நாட்டின் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதாக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகத்து 28ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, வட ஆர்க்காட்டுப் பகுதியை மட்டுமன்றி, குரோம்பேட்டையும் பல்லாவரமும் அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளையும் கட்டுப்படுத்தியது. ஒவ்வொரு தொழிற்சாலையும் பத்தாயிரம் உரூபாய் தண்டம் செலுத்தவேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணையவேண்டும் அல்லது தனக்கெனச் சுத்திகரிப்பு அமைப்பை நிறுவவேண்டும் என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது.

இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் இரு தூண்களை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. 'மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பை ஈடுசெய்ய வேண்டும்' என்பது ஒன்று. 'தீங்கு நேரும் என்பதற்கு முழுமையான அறிவியல் சான்று கிட்டும்வரை காத்திராமல், வருமுன் காக்கவேண்டும்' என்பது மற்றொன்று. தம் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துவோரைச் சார்ந்ததாயிற்று. நோயுற்றவர் தம் நோய்க்கு இன்ன வேதிப்பொருளே காரணம் என்று மெய்ப்பிப்பது மிக அரிது என்பதால், இம்மாற்றம் எளிய மக்களுக்குப் பெருந்துணையாக அமைந்தது.

குழந்தைகளின் குருதியில் ஈயம்

கொள்கை உறுதியாக இருப்பின் உடலில் சேரும் நஞ்சைக் குறைக்க இயலும் என்பதற்கு ஈயத்தின் வரலாறு சான்று பகர்கிறது. ஊர்திப் பொறியில் எழும் தட்டொலியைத் தடுப்பதற்காகப் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் முறை 1920களில் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது. ஊர்தி உமிழ்ந்த புகையோடு ஈயத்துகள்கள் சாலையோரங்களில் படிந்தன. கால்சியத்தை ஒத்த முறையில் ஈயம் எலும்பில் புகுந்து பல பத்தாண்டுகள் தங்கக்கூடியது. வளரும் குழந்தைகளின் மூளையை அது பாதிக்கிறது. ஈயத்தில் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் அறியப்படவில்லை.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் குருதியை ஆய்ந்து, 2009இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிடப்பட்டது. போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தாரும் அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞர்களும் இணைந்து அவ்வாய்வை மேற்கொண்டனர். குழந்தைகளின் குருதியில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஈயம் மிகுந்திருந்த குழந்தைகளிடம் பதற்றம், கவனக்குறைவு போன்ற நடத்தைச் சிக்கல்களும் மிகுந்து காணப்பட்டன. அமெரிக்காவில் அன்று கவலைக்குரியதாகக் கருதப்பட்ட அளவு 10 மைக்ரோகிராம். இன்று அந்நாடு நடவடிக்கைக்குரியதாகக் கொள்ளும் அளவு 3.5 மைக்ரோகிராம் மட்டுமே.

இந்தியா 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலையே விற்கச் செய்தது. எனினும், பழைய மின்கலங்களை முறையற்ற வகையில் உருக்குதல், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு ஆகியவற்றால் ஈயம் தொடர்ந்து பரவியது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மிகுதல் கூடாது என்னும் விதி 2016இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே இறுதியாக அல்சீரியா, 2021இல் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது.

அளத்தலே முதற்படி

அமெரிக்க மக்களின் குருதியில் 1970களின் பிற்பகுதியில் சராசரியாக 12.8 மைக்ரோகிராம் இருந்த ஈயம், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் 2.8 ஆகக் குறைந்தது. பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியதன் பயன் இவ்வாறு எண்களில் வெளிப்பட்டது. அந்நாட்டில் மக்களின் குருதியைக் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து ஆய்ந்து வந்ததாலேயே இவ்வெற்றி அறியப்பட்டது. மக்களின் குருதி, சிறுநீர், தாய்ப்பால் ஆகியவற்றில் உள்ள வேதிப்பொருள்களை முறையாக அளக்கும் இச்செயலை 'மனித உயிரியல் கண்காணிப்பு' என்பர்.

இந்தியாவில் காற்றையும் நீரையும் அளக்கும் அமைப்புகள் உள்ளன. போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதல் இயங்கி வருகிறது. டையாக்சின் உள்ளிட்ட நிலைத்த கரிம மாசுகளை ஒழிப்பதற்கான சுடாக்கோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்புறுதி செய்தது. ஆயினும், மக்களின் உடலில் இவற்றின் அளவைத் தொடர்ந்து கண்காணிக்கும் விரிவான திட்டம் இன்னும் வேரூன்றவில்லை. பெருங்குடியிலும் சென்னைப் பள்ளிகளிலும் நிகழ்ந்தவை போன்ற தனித்தனி ஆய்வுகளே அவ்வப்போது உண்மையை வெளிக்கொணர்கின்றன. ஒருமுறை எடுத்த அளவீடு அன்றைய நிலையைக் காட்டும். அது கூடியதா, குறைந்ததா, சட்டம் பயன் தந்ததா என்பதைத் தொடர் அளவீடே காட்டும்.

சட்டமும் நடைமுறையும்

நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. குப்பையைத் தரம் பிரித்து முறையாகக் கையாளும் வசதிகளை 2003ஆம் ஆண்டு முடிவதற்குள் அமைக்கவேண்டும் என்பது அவ்விதிகளின் ஆணை. அக்காலக்கெடு கடந்த பின்னரும் பெருங்குடியில் கலப்புக் குப்பை குவிந்துகொண்டேயிருந்தது. விதி பிறந்த நாளுக்கும் அது தெருவை எட்டும் நாளுக்கும் இடையிலுள்ள தொலைவே இத்துறையின் பெருஞ்சிக்கல்.

அத்தொலைவு குறைந்துவருவதற்கான அறிகுறிகளும் உள்ளன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிப்பதைக் கட்டாயமாக்கின. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்தன. அதே ஆண்டு திசம்பரில், குப்பை எரிப்போர்க்கு 5,000 உரூபாயும் பெருமளவில் எரிப்போர்க்கு 25,000 உரூபாயும் தண்டம் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் தடைசெய்தது. பெருங்குடிக் கிடங்கில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், கல், நெகிழி எனப் பிரித்து நிலத்தை மீட்கும் 'பயோமைனிங்' பணியைப் பெருநகரச் சென்னை மாநகராட்சி மேற்கொண்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய இராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. வளரும் இப்புதிய மாநகரின் முன் இரு வழிகள் உள்ளன. குப்பையை ஊருக்கு வெளியே கொட்டி மறப்பது பழைய வழி. மட்கும் குப்பையை எருவாக்கி, மட்காத குப்பையை மறுசுழற்சிக்கு அனுப்பி, நச்சுக் கழிவை முறைப்படி அகற்றுவது மற்றொரு வழி. தூய்மைப் பணியாளரிடம் இரு கூடைகளாகப் பிரித்துத் தரப்படும் குப்பை, எரிமேட்டில் சேரவேண்டிய தேவையைக் குறைக்கிறது.

சேலையூரிலோ செம்பாக்கத்திலோ பெய்யும் மழை பள்ளிக்கரணையைச் சென்று சேர்வது போலவே, ஊர் எறியும் ஒவ்வொன்றும் எங்கேனும் சென்று சேர்கிறது. அதன் ஒரு பகுதி அடுத்த தலைமுறையின் உடலில் தங்கும். பெருங்குடித் தாய்மார்களின் பாலும் சென்னைக் குழந்தைகளின் குருதியும் அக்கணக்கைக் காட்டிவிட்டன. அக்கணக்கைத் தொடர்ந்து படித்து, அதற்கேற்பச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை. அக்கடமையை நினைவூட்டுவதும் அதற்குத் துணைநிற்பதும் குடிமக்களின் பொறுப்பு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் மழைநீர் எந்தெந்த நீர்நிலைகளின் வழியே செல்கிறது என்பதை விசாரித்து, ஒரு வரைபடம் உருவாக்குக.

2. உங்கள் தெருவின் குப்பை எங்கே கொண்டு செல்லப்படுகிறது, எவ்வாறு கையாளப்படுகிறது என்பதைத் தூய்மைப் பணியாளரிடம் கேட்டறிந்து, அறிக்கை எழுதுக.

3. 'மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும்' என்னும் கொள்கை, தொழில் வளர்ச்சிக்குத் தடையா, துணையா? வகுப்பில் கலந்துரையாடுக.